லுகேரியா கரண்டியைக் கீழே வைக்கும் இடம்

அன்டன் செகாவின் 'மாணவன்' சிறுகதை மூன்று நான்கு பக்கம்தான் வரும். 1894ஆம் ஆண்டு வசந்தத்தில், உடல்நலத்துக்காக யால்டாவில் தங்கியிருந்தபோது எழுதினார். அந்த ஏப்ரலில் ஒரு நாளிதழில் 'மாலையில்' என்ற தலைப்போடு வெளியானது. தொகுப்பில் சேர்க்கும்போதுதான் 'மாணவன்' ஆனது. தன் கதைகளிலேயே தனக்குப் பிடித்தது இதுதான் என்று செகாவ் சொன்னதாக இவான் பூனின் பதிவு செய்திருக்கிறார். தன்னை அவநம்பிக்கைவாதி என்று முத்திரை குத்தியவர்களுக்குப் பதிலாக இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டுவாராம்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் யாராவது ஒருவர் வாட்சாப் குழுவில் இதைப் பகிர்ந்துவிடுகிறார். பெரிய வெள்ளியன்று நடக்கும் கதை, பேதுரு வருகிறார், கண்ணீர் வருகிறது, முடிவில் ஒளி வருகிறது. வேறென்ன வேண்டும்? ஆனால் பகிர்கிறவர்கள் எல்லோரும் கடைசிப் பத்தியைத்தான் பகிர்கிறார்கள். என்னுடைய தகராறே அங்கேதான்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இவான் வெலிகோபோல்ஸ்கி இறையியல் பயிலும் மாணவன், கோவில் பணியாளர் ஒருவரின் மகன். பெரிய வெள்ளி மாலையில் பறவை வேட்டை முடிந்து வீட்டுக்கு நடந்து வருகிறான். பகலில் நன்றாக இருந்த வானிலை மாறிக் குளிர்காற்று அடிக்கிறது. பெரிய வெள்ளி என்பதால் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கொலைப்பசி. ரூரிக் காலத்திலும், கொடுங்கோலன் இவான் காலத்திலும், பீட்டர் காலத்திலும் இதே காற்றுதான் அடித்திருக்கும், இதே பசியும் ஓட்டைக் கூரையும்தான் இருந்திருக்கும், இன்னும் ஆயிரம் வருடம் போனாலும் எதுவும் மாறாது என்று நினைத்துக்கொண்டே வருகிறான். வழியில் ஒரு காய்கறித் தோட்டம். அதைப் பார்த்துக்கொள்வது இரண்டு விதவைகள், தாயும் மகளும். நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். தாய் வசிலீசா பெரிய வீடுகளில் பால்கொடுக்கும் தாதியாகவும் ஆயாவாகவும் வேலை பார்த்தவள், நாகரிகமாகப் பேசத் தெரிந்தவள். மகள் லுகேரியா அம்மைத்தழும்பு முகத்தோடு, சாப்பிட்டு முடித்த பானையையும் கரண்டிகளையும் கழுவிக்கொண்டிருக்கிறாள். புருஷனிடம் அடிபட்டு அடிபட்டு நசுங்கிப்போனவள்.

மாணவன் நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டே, இப்படி ஒரு குளிரான இரவில்தான் பேதுருவும் தீக்காய்ந்தார் என்று ஆரம்பிக்கிறான். கடைசி இராவுணவு, கெத்சமனித் தோட்டம், யூதாஸ், தலைமைக் குருவின் முற்றம், மூன்று முறை மறுதலிப்பு, சேவல், அழுகை. கேட்டுக்கொண்டிருந்த வசிலீசா புன்னகை மாறாமலேயே தேம்புகிறாள். கண்ணீரைப் பார்த்து வெட்கப்பட்டவள் போல நெருப்புக்கும் முகத்துக்கும் நடுவே சட்டைக்கையை வைத்து மறைத்துக்கொள்கிறாள். லுகேரியாவின் முகம் சிவந்து, பெரிய வலியை அடக்குகிறவளின் முகம் மாதிரி இறுகிவிடுகிறது. மாணவன் விடைபெற்றுக்கொண்டு கிளம்புகிறான். வசிலீசா அழுதாள் என்றால் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன் நடந்ததற்கும் அவளுக்கும் ஏதோ உறவு இருக்கத்தானே வேண்டும் என்று யோசிக்கிறான். கடந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே சங்கிலி. ஒரு முனையைத் தொட்டேன், மறுமுனை அசைந்தது. மகிழ்ச்சி பொங்குகிறது. படகில் ஆற்றைக் கடந்து, மேடேறி, தன் கிராமத்தையும் மேற்கில் மிச்சமிருக்கும் செந்நிறத்தையும் பார்க்கும்போது வாழ்க்கை அர்த்தம் நிறைந்ததாகத் தெரிகிறது. அவனுக்கு 22 வயதுதான் என்று செகாவ் போகிற போக்கில் சொல்லிவைக்கிறார்.

இந்தக் கதையைப் பற்றி வழக்கமாக இரண்டு வாசிப்புகள் உண்டு. மாணவனுக்குக் கிடைத்த தரிசனம் செகாவின் தரிசனமே என்பது ஒன்று. தவக்காலப் பகிர்வுகள் எல்லாம் இந்த ரகம். அந்த 22 வயதைச் சொல்வதிலேயே கிண்டல் இருக்கிறது, பசியில் உலகம் இருண்டது, கை காய்ந்ததும் வெளுத்தது, அவ்வளவுதான் என்பது இரண்டாவது. கல்லூரியில் இலக்கியம் படித்த நண்பர்கள் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்வார்கள். கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவும் இருக்கும். எனக்கென்னவோ இரண்டு பேரும் மாணவனோடு சேர்ந்து ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. நெருப்புப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

லுகேரியாவைப் பாருங்கள். கதை முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதலில் மாணவனைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். அவளுடைய பார்வை செவிடும் ஊமையுமானவரின் பார்வை போல விசித்திரமாக இருந்தது என்கிறார் செகாவ். மாணவன் கதை சொல்கிறபோதும் அவள் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இராவுணவு போகிறது, கெத்சமனி போகிறது, யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுப்பதும் போகிறது. அவள் தலை நிமிரவில்லை. பேதுரு இயேசுவை உயிராய் நேசித்தார், இப்போது தூரத்திலிருந்து அவரை அடிப்பதைப் பார்த்தார் என்று மாணவன் சொல்கிற இடத்தில் செகாவ் மூன்று புள்ளி வைக்கிறார். அடுத்த வரியில் லுகேரியா கரண்டிகளை விட்டுவிட்டு மாணவனையே அசையாமல் பார்க்கிறாள்.

அடி என்ற சொல்லுக்குத்தான் அவள் நிமிர்ந்தாள். சேவல் கூவுவதற்கும் பேதுரு அழுவதற்கும் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ரஷ்ய மூலத்தில் லுகேரியாவை நசுங்கிப்போனவள் என்று சொல்லும் சொல்லும், இயேசுவை அடித்தார்கள் என்ற வினைச்சொல்லும் ஒரே வேரிலிருந்து வருபவை. மொழிபெயர்ப்பில் இது காணாமல் போய்விடும். ஆனால் மொழிபெயர்ப்பிலும் அந்தக் கரண்டி கீழே வைக்கப்படுகிறது, அது போதும்.

அப்படியானால் வசிலீசா ஏன் அழுகிறாள்? பேதுருவை நினைத்து அழுகிறாள் என்று மாணவன் முடிவு கட்டுகிறான். சரிதான், ஆனால் எந்தப் பேதுரு? நேசிக்கிற ஒருவரை அடிக்கிறார்கள், தூரத்தில் நின்று பார்க்கிறவர். பெரிய வீடுகளில் ஊராரின் பிள்ளைகளைப் பாலூட்டி வளர்த்தவள் வசிலீசா. சொந்த மகள் கிராமத்தில் அடி வாங்கியிருக்கிறாள். செகாவ் இதை எங்கேயும் இணைத்துச் சொல்வதில்லை. இரண்டு தகவலையும் ஒரே பத்தியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவள் முகத்தை மறைத்துக்கொள்வது மாணவனிடமிருந்தா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளிடமிருந்தா? நான் மகளிடமிருந்து என்றுதான் வாசிக்கிறேன்.

மாணவன் சொல்லும் கதையில் இன்னொரு சின்ன மாற்றம் உண்டு. பெரும்பாலும் லூக்கா நற்செய்தியைத்தான் அவன் பின்பற்றுகிறான். லூக்காவில், சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்ப்பார். மற்ற மூன்று நற்செய்திகளிலும் அந்தப் பார்வை இல்லை. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் இந்த இடம் வந்தாலே எங்கள் ஆசிரியைக்குக் குரல் தழுதழுக்கும். செகாவின் மாணவன் இதைத் தலைகீழாக்கிவிடுகிறான். அவன் கதையில் இயேசு திரும்புவதில்லை, பேதுருதான் தூரத்திலிருந்து இயேசுவைப் பார்க்கிறார். கோவில் பாடகர் குழுவில் வளர்ந்த செகாவுக்கு இந்த வசனம் தெரியாமல் போயிருக்க வாய்ப்பில்லை. அடிபடுகிறவரின் பார்வையை மாணவன் சொல்லாமல் விட்டுவிடுகிறான். அந்தக் காலி இடத்தில் லுகேரியா அவனை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் கதையில் எடுத்துவிட்டது அவன் எதிரிலேயே நடக்கிறது!

பார்த்தானா என்றால், பார்த்தான். அவள் கலங்கினாள் என்பதைக் கவனிக்கிறான். ஆனால் அடுத்த நிமிடமே அது இரண்டு பெண்களுக்கும், இந்தக் கிராமத்துக்கும், தனக்கும், எல்லா மனிதருக்கும் பொதுவான ஒன்றாகிவிடுகிறது. அதற்கு முன்னால் அவன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். தனித்த நெருப்பு இருட்டில் மினுக்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஆட்கள் யாரும் தெரியவில்லை. ஆட்கள் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் அவனுக்கு மனிதகுலம் தெரிகிறது.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். பாரம் தூக்கும் சங்கிலிகளைச் சோதிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. சங்கிலி இழுவிசையை மட்டும்தான் கடத்தும், தள்ளினால் துவண்டு விழுந்துவிடும். சோதிக்கும்போது சங்கிலி நன்றாக இருக்கிறது என்று தூரத்திலிருந்து சொல்லிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு கண்ணியாகக் கையில் எடுத்துத் தேய்மானம் பார்க்கணும். மாணவன் சங்கிலியை வியக்கிறான், கண்ணியைத் தொடவில்லை. இந்த உவமையை இதற்குமேல் இழுத்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

செகாவுக்கு இது அனுபவத்திலிருந்து தெரியும். தாகன்ரோகில் மளிகைக்கடை வைத்திருந்த அவர் அப்பா பெரும் பக்திமான், பிள்ளைகளை அடித்து வளர்த்தவர், கோவில் பாடகர் குழுவை நடத்தியவர். 1892இல் எழுதிய ஒரு கடிதத்தில் செகாவ் அந்த நாட்களை நினைவுகூர்கிறார். சகோதரர்கள் மூன்று பேரும் கோவில் நடுவில் நின்று பாடும்போது எல்லோரும் நெகிழ்ந்து பார்ப்பார்களாம், பெற்றோரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களாம். பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளோ தங்களைச் சின்னக் கைதிகளாக உணர்ந்திருக்கிறார்கள். நெகிழ்கிறவர் ஒருவர், அதற்கான வலியைச் சுமக்கிறவர் இன்னொருவர். இரண்டு வருடம் கழித்து எழுதிய 'மாணவன்' கதையிலும் இதே அமைப்புதான் இருக்கிறது. ஆனால் அங்கே அவர் நெகிழ்கிறவனை வெறுக்கவில்லை. கைதியாக நின்ற பையன் வளர்ந்து, நெகிழ்ந்தவன் பக்கத்திலிருந்து கதையை எழுதுகிறான். அந்த மகிழ்ச்சியும் பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கிண்டல் என்ற வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, மூன்று பக்கக் கதைக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் பங்கில் ஓர் அக்கா இருந்தார். பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில் எட்டாம் நிலை வரும்போது, எருசலேம் பெண்களுக்கு இயேசு ஆறுதல் சொல்லும் இடத்தில், அழாமல் அவரால் இருக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கண் கலங்கும். எவ்வளவு பக்தி என்பார்கள். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று தாமானுக்கே தெரியும், சுவர் அவ்வளவு மெல்லிசு. செபக்கூட்டத்தில் ஒருமுறை அவர் வாயைத் திறந்தபோது மூத்தவர் ஒருவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சிலுவையைச் சுமம்மா, உனக்கும் ஒரு உயிர்ப்பு ஞாயிறு வரும், காத்திரு. சொன்னவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. இந்த நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலேயே இயற்றப்பட்டுவிட்டது, செகாவின் கதை வந்து சரியாக நூறு வருடம் கழித்து. காவல் நிலையம் தாமானிலிருந்து பத்து நிமிடத் தூரம். அந்தக் கூட்டத்தில் அதை யாரும் சொல்லவில்லை. காத்திருப்பு ஒரு புண்ணியம் என்று மட்டும் சொன்னார்கள்.

தவக்காலத்தில் நம் தமிழில் வருகிற தியானக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் இதே அவசரம்தான். வெள்ளியைப் பற்றி இரண்டு பத்தி, தியாகம் என்ற சொல் பத்து முறை, பிறகு ஒரே தாவலில் ஞாயிறு. நடுவில் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஞாயிறு வரும் என்று தெரிந்து காத்திருப்பது பேருந்து நிறுத்தத்தில் நிற்பது மாதிரி. முதல் சனிக்கிழமை அங்கே இருந்தவர்களுக்கு ஞாயிறு என்று எதுவும் இல்லை. 'மாணவன்' இந்த விஷயத்தில் கண்டிப்பான கதை. பாஸ்கா என்ற சொல் அதில் ஒரே இடத்தில்தான் வருகிறது. பெண்களை விட்டுவிட்டு மாணவன் கிளம்பியதும் கடுங்காற்று அடிக்கிறது, குளிர்காலமே திரும்பி வந்துவிட்டது, நாளை மறுநாள் பாஸ்கா என்பது போலவே இல்லை. அவ்வளவுதான். அதற்கப்புறம் வரும் மாணவனின் மகிழ்ச்சிகூட வெள்ளிக்கிழமைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது ஷுசாகு எண்டோவின் 'மௌனம்' நாவல். 1966இல் வந்தது. 2016இல் ஸ்கோர்செஸி எடுத்த படம் வழியாக உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதுவும் பேதுருவின் மறுதலிப்பை மறுபடி எழுதிய படைப்புதான். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் பிடிபட்ட போர்த்துகீசிய குரு ரொட்ரிகஸ், இயேசுவின் முகம் பதித்த பலகையை மிதித்து விசுவாசத்தைத் துறக்கிறார். விடியும்போது எண்டோ தூரத்தில் ஒரு சேவலைக் கூவ வைக்கிறார். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முந்தைய இரவு. சிறையறையின் இருட்டில் ரொட்ரிகஸ் தன் பாடுகளை இயேசுவின் பாடுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே ஒரு குறட்டைச் சத்தம். இந்த இரவில் காவல்காரன் தூங்குகிறானே என்று அவருக்குச் சிரிப்பு வருகிறது, பிறகு எரிச்சல் வருகிறது. அது குறட்டை இல்லை என்று பெரேய்ரா வந்து சொல்கிறார். குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட விவசாயிகளின் முனகல் அது. அவர்கள் ஏற்கெனவே விசுவாசத்தைத் துறந்துவிட்டவர்கள். குரு துறக்காதவரைக்கும் அவர்களை இறக்க மாட்டார்கள்.

மாணவனும் ரொட்ரிகஸும் செய்வது ஒன்றுதான். தன் ஆன்மீக நாடகத்தின் உச்சத்தில், பக்கத்தில் இருக்கிறவரின் வலி வேறொன்றாகக் கேட்கிறது. ஒருவனுக்குச் சங்கிலியின் அசைவாக, ஒருவருக்குக் குறட்டையாக. எண்டோ தன் குருவுக்கு அதைத் திருத்திச் சொல்ல ஓர் ஆளை அனுப்புகிறார். அதன் பிறகுதான் 'மௌனம்' நாவலில் தியாகம் என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது. தன் உயிரைக் கொடுக்கத் தயாராக வந்தவர், தன்னைப் பற்றித் தான் வைத்திருந்த பிம்பத்தைக் கொடுக்க வேண்டியதாகிறது. செகாவ் தன் மாணவனிடம் யாரையும் அனுப்புவதில்லை. வாசகரை மட்டும் நெருப்புப் பக்கத்தில் விட்டுவிட்டு அவனைப் படகேற்றி அனுப்பிவிடுகிறார். கலையாக எனக்குச் செகாவ் செய்ததுதான் பெரிது. எண்டோவில் பெரேய்ரா கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுகிறார்.

அந்த நெருப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லணும். பெரிய வெள்ளி வழிபாட்டில் ஒவ்வொரு வருடமும் யோவான் எழுதிய பாடுகளைத்தான் வாசிப்பார்கள். தீபகற்ப மலேசியாவில் அன்றைக்குப் பொது விடுமுறை கிடையாது, சபா சரவாக்கில் மட்டும்தான். அதனால் வேலையில் அரைநாள் விடுப்புக் கேட்டு, கோவில் வாசலில் பைக்கை நிறுத்தி, நின்றுகொண்டே கேட்ட வருடங்கள்தான் எனக்கு அதிகம். அதில் பேதுரு நிற்பது கரிநெருப்புப் பக்கத்தில். கிரேக்க மூலத்தில் அதற்கு இருக்கும் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இரண்டாவது இடம் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம். எல்லாம் முடிந்த பிறகு பேதுரு மீன் பிடிக்கப் போகிறார். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் ரொட்டியும் வைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிடுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேச்சு. மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று கேள்வி. மறுதலித்த நெருப்பின் வாசனையிலேயே அந்தக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. மீனும் நெருப்பும் வரும் பகுதியை வழிபாட்டில் வாசிப்பது உயிர்ப்புக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. வேலைநாள். கோவிலில் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

இறையியல் படிக்கும் மாணவனுக்கு அந்த இரண்டாவது நெருப்பும் தெரிந்திருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று சொல்லக்கூடாத கதைதான், நியாயம். ஆனால் அவனும் பசியோடு வந்தவன். நெருப்பில் சமைத்துச் சாப்பிட்டு முடித்த பானை அவன் கண் முன்னாலேயே கழுவப்படுகிறது. அவர்கள் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனுடைய பசி பேதுருவின் கதையில் கரைந்து, பிறகு மகிழ்ச்சியில் காணாமலே போய்விடுகிறது. லுகேரியாவுக்கு எது எங்கே கரைந்தது என்று கதையில் இல்லை.

எங்கள் வாசகர் சந்திப்பில் இதைச் சொன்னபோது தோழி ஒருவர் கேட்டார், மாணவன் திரும்பிப் போய் உனக்கு என்னம்மா ஆச்சு என்று விசாரித்திருந்தால் லுகேரியா என்ன சொல்லியிருப்பாள் என்று. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், மிச்சக் கரண்டிகளைக் கழுவியிருப்பாள் என்றேன். தோழி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ஒருவேளை சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்டிருப்பாள் என்றார்.